கூகி வா தியாங்கோ போய்வந்த மாநாடுகள்

கேள்வி: எழுத்தாளர் மாநாடு, இலக்கிய விழா என்று வருஷம் முழுக்க எங்காவது நடந்துகொண்டே இருக்கிறது. பொன்னாடை, குழுப்படம், மதியச் சாப்பாடு தவிர இவற்றால் ஓர் எழுத்தாளருக்கு உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா? ஒருவருடைய எழுத்தையே மாற்றிய மாநாடு என்று எதையாவது சொல்ல முடியுமா?

பதில்:

சொல்ல முடியும். பலரைத் தொட்டுத் தொட்டுச் சொல்வதைவிட ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். கென்யாவின் கூகி வா தியாங்கோ. தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ வழியாக அவரைப் பலருக்குத் தெரியும். 1938இல் பிறந்து 2025 மே மாதம் இறந்தவர். வாழ்நாள் முழுக்க மாநாடுகளுக்குப் போனவர், போனதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியவர். முக்கியமான ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு சண்டையைக் கையோடு கொண்டுவந்து, அதைப் பத்து இருபது வருஷம் விடாமல் போட்டார். மாநாட்டின் பயன் என்ன என்று கேட்டால் எனக்கு இந்தச் சண்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

முதலாவது 1962 ஜூன், கம்பாலா. உகாண்டா சுதந்திரம் அடைய இன்னும் நான்கு மாதம் இருந்தது. அங்கே மக்கெரெரே பல்கலைக்கழகக் கல்லூரி, கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்து சேரும் இடம். கூகி அங்கே ஆங்கில இலக்கிய மாணவர். வயது 24. பெயர் அப்போது ஜேம்ஸ் கூகி. அந்தக் கல்லூரியில்தான் ‘ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள்’ மாநாடு கூடியது.

வந்தவர்கள் பட்டியலை இன்று பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். நைஜீரியாவிலிருந்து சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க். தென்னாப்பிரிக்காவிலிருந்து நிறவெறி அரசால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த ம்பாலேலே, லூயிஸ் நிகோசி, ப்ளோக் மோடிசானே. அமெரிக்காவிலிருந்து லாங்ஸ்டன் ஹியூஸ். ஹியூஸை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இளைஞர்கள். அச்செபேக்கு 31, சோயிங்காவுக்கு 28கூட ஆகவில்லை. நோபல் பரிசெல்லாம் யார் கனவிலும் இல்லாத காலம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒகிக்போ ஐந்தே வருஷத்தில், நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவின் போர்முனையில் துப்பாக்கியோடு செத்துப்போவார் என்றும் யாருக்கும் தெரியாது.

அங்கே நடந்த பேச்சுகளில் வாய்வழியாக உலகம் சுற்றியவை இரண்டு. கவிஞர் அல்லாதவர்களுக்கு என் கவிதையை நான் வாசித்துக் காட்டுவதில்லை என்று ஒகிக்போ சொன்னது ஒன்று. இன்றைக்கு யாராவது மேடையில் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று சோயிங்காவுடையது. பிரெஞ்சு மொழி ஆப்பிரிக்கர்கள் ‘நெக்ரிட்யூட்’ என்று கறுப்பு மனிதனின் பெருமையை ஒரு கொள்கையாகவே முழங்கிக்கொண்டிருந்தார்கள். புலி தன் புலித்தன்மையைப் பறைசாற்றிக்கொண்டு திரியாது, பாயும் என்று சோயிங்கா போட்டார் ஒரு போடு. அதற்குப் பிறகு நெக்ரிட்யூட் பற்றிப் பேசுகிற எவரும் இந்தப் புலியைத் தாண்டிப் போக முடியவில்லை.

கூகி இந்தப் பெரிய தலைகளுக்கு நடுவே எப்படி வந்தார்? அவர் கையில் இருந்தது பிரசுரமான இரண்டு சிறுகதை. ஒன்று கல்லூரி ஆங்கிலத் துறையின் மாணவர் இதழான ‘பென்பாயின்ட்’டில் வந்தது. மற்றது கம்பாலாவில் அப்போதுதான் தொடங்கியிருந்த ‘டிரான்சிஷன்’ பத்திரிகையில் வந்தது. அந்த இரண்டு கதைக்குத்தான் அழைப்பு. ஆனால் அவரிடம் இன்னொன்றும் இருந்தது, எழுதிக்கொண்டிருந்த நாவலின் பிரதி. பின்னால் ‘வீப் நாட், சைல்ட்’ என்று வந்த நாவல்.

மாநாட்டில் அவருடைய முழுக் கவனமும் அச்செபேமேல். ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ 1958இல் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. மக்கெரெரே மாணவர்களுக்கு அது வேத புத்தகம் மாதிரி. அச்செபேயைப் பிடித்துத் தன் பிரதியைக் கொடுத்துவிட்டார் கூகி. மாநாட்டுக்கு வந்த பிரபலத்திடம் இப்படிக் கட்டுக் காகிதத்தை நீட்டினால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாங்கி, அடுத்த நாற்காலியில் வைத்து, அறையைக் காலி செய்யும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அச்செபே படித்தார். சும்மா நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. சில இடங்களில் விஷயம் முடிந்த பிறகும் போட்டு அடித்துக்கொண்டே இருக்கிறாய் என்று குறை சொன்னார். கூடவே, அங்கே வந்திருந்த ஹைன்மன் பதிப்பகத்தின் வான் மில்னிடம் அதைக் கொடுத்தார். வான் மில்ன் படித்துவிட்டு லண்டனுக்குத் தொலைபேசி போட்டார். மறுமுனையில் பதிப்பகத் தலைவர் ஆலன் ஹில், ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் சரி, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

ஹைன்மனின் ‘ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை’ அதே 1962இல்தான் தொடங்கியது. அச்செபேயின் முதல் நாவல்தான் அதன் முதல் புத்தகம். பிறகு பத்து வருஷம் அச்செபே அந்த வரிசைக்குச் சம்பளம் வாங்காத ஆலோசகராக இருந்தார். 1964இல் கூகியின் நாவல் அதில் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கர் ஒருவரின் ஆங்கில நாவல் இப்படி உலகச் சந்தைக்குப் போனது கிட்டத்தட்ட முதல் தடவை. இதில் ஒரு வேடிக்கை, அவர் முதலில் எழுதிய நாவல் இது இல்லை. அது ‘தி ரிவர் பிட்வீன்’ என்று ஒரு வருஷம் கழித்து, இரண்டாவதாக வந்தது.

இதுவரை சொன்னது நல்ல கதை. மாநாட்டுக்குப் போனார், மூத்தவர் கைகொடுத்தார், புத்தகம் வந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அழகான விடையாக இருந்திருக்கும். ஆனால் கூகியின் மனசில் அந்த மாநாடு வேறு மாதிரி ஊறிக்கொண்டிருந்தது. 1986இல் வெளியான ‘டீகாலனைசிங் தி மைண்ட்’ புத்தகத்தில் அதைக் கொட்டித் தீர்த்தார்.

அவர் கேட்டது இது. இரண்டே சிறுகதை எழுதிய மாணவன் நான் உள்ளே இருந்தேன். ஷாபான் ராபர்ட் ஏன் இல்லை? சுவாஹிலியில் கவிதையும் உரைநடையுமாகக் குவித்த, கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கவிஞர் அவர். நைஜீரியாவிலிருந்து அத்தனை பேர் வந்தார்களே, யொரூபாவில் எழுதிய ஃபகுன்வா ஏன் வரவில்லை? விடை மாநாட்டின் பெயரிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கான மாநாடு. தாய்மொழியில் எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தகுதி இல்லை.

ஷாபான் ராபர்ட் அதே 1962 ஜூன் மாதம் இறந்துபோனார். கூகி இதைப் பெரிதாக இழுத்துப் பேசவில்லை, நான்தான் தேதியைப் பார்த்துத் திகைத்து நின்றேன். ஃபகுன்வா அடுத்த வருஷம் டிசம்பரில் இறந்தார். 1938இல் வந்த அவருடைய நாவலைப் பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? கம்பாலாவில் உள்ளே உட்கார்ந்திருந்த சோயிங்கா, 1968இல்.

அந்த மாநாட்டில் ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் என்ன என்று நீளமாக விவாதித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதினால் போதுமா, ஆப்பிரிக்கர் எழுதினால்தானா, வெள்ளைக்காரர் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதினால் அது என்ன கணக்கு, ஓர் ஆப்பிரிக்கர் கிரீன்லாந்தில் நடக்கிற கதை எழுதினால் அது எந்த இலக்கியம் என்றெல்லாம் கேள்விகள். கிரீன்லாந்து வரைக்கும் போனவர்கள், பக்கத்து வீட்டு மொழியைப் பற்றி உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் கூகியின் கோபம். இந்தக் கோபத்துக்கு முதல் சொந்தக்காரர் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாநாடு முடிந்த அடுத்த வருஷமே, 1963இல், ஓபி வாலி என்ற நைஜீரிய விமர்சகர் அதே ‘டிரான்சிஷன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பிய மொழிகளில் எழுதிக்கொண்டு போனால் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில்தான் போய் நிற்கும் என்றார். பெரிய ரகளை ஆனது. ம்பாலேலே, சோயிங்கா எல்லோரும் பதில் எழுதினார்கள். அச்செபே தன் கட்சியை நிதானமாக வைத்தார்: ஆங்கிலம் என் அனுபவத்தின் பாரத்தைத் தாங்கும், ஆனால் அது என் ஊருக்குத் தக்கபடி மாறிய புது ஆங்கிலமாக இருக்கும். அச்செபே சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கான மொழிகள் உள்ள நைஜீரியாவில் ஒரு இக்போ எழுத்தாளர் ஒரு ஹௌசா வாசகரை எப்படி எட்டுவது? கூகியைப் படிக்கும்போது அவர் பக்கம் சாய்கிறேன், அச்செபேயைப் படிக்கும்போது இந்தப் பக்கம். என்னால் தீர்ப்பு சொல்ல முடிந்ததில்லை.

கம்பாலா மாநாட்டுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. செலவுப் பணம் கொடுத்தது ‘காங்கிரஸ் ஃபார் கல்ச்சுரல் ஃப்ரீடம்’ என்ற அமைப்பு. பாரிஸில் அலுவலகம் வைத்து உலகம் பூராவும் பத்திரிகைகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் தாராளமாகப் பணம் தந்தது. அதற்குப் பின்னால் இருந்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ என்பது 1966, 67இல் அம்பலமானது. எந்த ஏகாதிபத்தியத்தைத் திட்டிப் பேசினார்களோ அதன் செலவிலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் சாத்தானோடுதான் பந்தியில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டோம் என்று சோயிங்கா தன் நினைவுக் குறிப்பில் பின்னால் நக்கலாக எழுதினார். பணம் கெட்டது என்பதால் அந்த மாநாட்டில் பிறந்ததெல்லாம் கெட்டது ஆகிவிடாது. அதே சமயம், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை மட்டும் கூட்ட யாருக்கு ஆசை இருந்தது என்று யோசிக்கும்போது பணம் வந்த வழியை மறந்துவிடவும் முடியாது.

இரண்டாவது இடம் நியூயார்க். 1966 ஜூன். பென் என்ற உலக எழுத்தாளர் அமைப்பின் மாநாடு 1924க்குப் பிறகு அமெரிக்காவில் கூடியது அப்போதுதான். தலைவர் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர். கம்யூனிஸ்ட் என்பதால் அமெரிக்கா விசா கொடுக்கத் தயங்கிய சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவை எப்படியோ வரவழைத்துவிட்டார்கள். அதற்கு நெரூதா கொடுத்த விலை தனிக் கதை. எதிரியின் ஊருக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார் என்று கியூபா எழுத்தாளர்கள் கூட்டமாகக் கையெழுத்துப் போட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்த மனவருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. மாநாட்டுக்குப் போனதே குற்றமாகும் காலங்களும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

கூகி அப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாவல் ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’ பாதியில் இருந்தது. நியூயார்க் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் இத்தாலிய நாவலாசிரியர் இக்னாசியோ சிலோனே. இத்தாலிய நூல்கள் ஆங்கிலத்தில் போதிய அளவு மொழிபெயர்க்கப்படவில்லை என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான். ஆனால் அதை அழுத்திச் சொல்ல அவர் பயன்படுத்திய உதாரணம், இத்தாலியன் ஒன்றும் ஒன்றிரண்டு சொற்களை வைத்துக்கொண்டிருக்கிற பாண்டு மொழி இல்லையே என்பது.

கூகியின் தாய்மொழி கிகூயூ. ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுந்து மறுத்துப் பேசினார். பேசிவிட்டு உட்கார்ந்தவரை வேறொன்று அரித்தது. ‘என் மொழி ஏழை மொழி இல்லை’ என்று இவ்வளவு ஆவேசமாகச் சொல்கிறேனே, அந்த மொழியில் நான் எழுதியது எங்கே? இதையும் ஆங்கிலத்தில்தானே சொன்னேன்? லீட்ஸுக்குத் திரும்பி நாவலை எடுத்தால் பழைய மாதிரி ஓடவில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாவலை முடித்தார், 1967இல் வந்தது, அவருடைய ஆங்கில நாவல்களில் அதுதான் ஆகச் சிறந்தது என்பது என் கணக்கு. ஆனால் அதே வருஷம் லீட்ஸ் மாணவர் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், இனி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தம் உண்டா என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்த விவசாயிகள் இதைப் படிக்க முடியாது என்ற நெருக்கடி.

இங்கே சிலோனேயைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மேட்டுக்குடி ஆள் கிடையாது. அப்ரூட்சோ மலைப்பகுதியின் ஏழைக் குடியானவர்களைப் பற்றி ‘ஃபோன்டமாரா’ என்ற நாவலை எழுதியவர். முசோலினியின் ஆட்சியில் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தவர். அந்த நாவலின் முன்னுரையில், இத்தாலிய மொழி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற அந்நிய மொழி என்று எழுதியவரே அவர்தான். மேலே இருக்கிற மொழியால் நசுங்கியவர்களை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர், தனக்குக் கீழே என்று நினைத்த மொழியைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை உதிர்த்தார். கூகி இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது சிலோனேயைப் பெரிதாகத் தாக்குவதில்லை. தன்னைத்தான் பிடித்து உலுக்குகிறார். எனக்கு அதனால்தான் இந்தச் சம்பவம் பிடிக்கும்.

மூன்றாவது, எழுத்தாளர் மாநாடே இல்லை. 1970 மார்ச், நைரோபி. கிழக்கு ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப்பேரவையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போனவர் எடுத்த எடுப்பில், நான் சபையைச் சேர்ந்தவன் இல்லை, கிறிஸ்தவனே இல்லை என்று ஆரம்பித்தார். காலனியத்துக்குத் திருச்சபை எப்படித் துணைபோனது என்று வெளுத்து வாங்கினார். பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் கைத்தடியை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். கடவுளை நிந்திக்கிறாய், மனம் திரும்பு என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு, கிறிஸ்தவன் இல்லை என்கிறாயே, உன் பேரே ஜேம்ஸ்தானே என்று கேட்டார்.

கூகிக்கு அதற்குப் பதில் இல்லை. சீக்கிரமே ஜேம்ஸைக் கழற்றிவிட்டு கூகி வா தியாங்கோ ஆனார். விமர்சகர்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்ய முடியாததைக் கைத்தடிப் பெரியவர் ஒரு கேள்வியில் செய்துவிட்டார். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேள்வியே இல்லாமல் பேசுகிறவர்களைப் பற்றி நாம் எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். எப்போதாவது ஒருமுறை இப்படியும் ஒருவர் எழுந்து நிற்கிறார்.

நடுவில் சோவியத் அழைப்புகளும் வந்தன. 1973இல் கஸகஸ்தானின் அல்மா அத்தாவில் ஆசிய-ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில் அவருக்கு லோட்டஸ் பரிசு கொடுத்தார்கள். சோவியத் எழுத்தாளர் சங்கத்தின் விருந்தினராக யால்டாவில் தங்கி 1975இல் ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ நாவலை முடித்தார். இந்தப் பக்கம் சிஐஏ, அந்தப் பக்கம் சோவியத் சங்கம். பனிப்போர்க் காலத்து எழுத்தாளர்கள் யார் வீட்டில் சாப்பிட்டாலும் பின்னால் ஒரு கணக்கு வந்தது.

அந்த நாவல் வெளியான விதம் முக்கியம். 1977 ஜூலையில் நைரோபியில் வெளியீட்டு விழா. வெளியிட்டவர் அப்போதைய நிதியமைச்சர் முவாய் கிபாகி, பிறகு நாட்டின் அதிபரே ஆனவர். நாவலோ சுதந்திரத்துக்குப் பிந்தைய கென்ய ஆட்சியாளர்களைத் தோலுரிக்கிற நாவல். இருந்தும் அமைச்சர் வந்து சிரித்துக்கொண்டு வெளியிட்டார். அதே வருஷம் அக்டோபரில், லிமுரு பக்கத்தில் தன் சொந்த ஊரான காமிரீத்துவில், ஊர் ஜனங்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் ஒரு கிகூயூ நாடகம் போட்டார். கூகி வா மிரீ என்ற இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து எழுதியது. நடித்தவர்கள் விவசாயிகள், தொழிற்சாலைக் கூலிகள். ஒத்திகையிலேயே, எங்கள் ஊர்க் கிழவர் இப்படிப் பேச மாட்டார் என்று வசனத்தைத் திருத்தினார்கள். ஆறு வாரத்தில் அரசு அனுமதியை ரத்து செய்தது. டிசம்பர் கடைசியில் கூகியைப் பிடித்துப் போனார்கள். விசாரணை ஏதும் இல்லாமல் ஒரு வருஷம் காமிட்டி சிறை. அங்கே கழிப்பறைக் காகிதத்தில் கிகூயூவிலேயே எழுதிய நாவல்தான் நாம் தமிழில் படிக்கிற ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. ஆங்கில நாவலுக்கு அமைச்சர் வந்தார், தாய்மொழி நாடகத்துக்குப் போலீஸ் வந்தது. கம்பாலாவிலும் நியூயார்க்கிலும் மனசில் ஏறிய கேள்விக்கு விடையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த ஆறு மாதம்தான், எந்த மாநாடும் இல்லை.

1982இல் அந்த நாவலின் ஆங்கில வடிவத்தை வெளியிட லண்டன் போயிருந்தபோது, திரும்பினால் கைது என்று தகவல் வந்தது. பிறகு 22 வருஷம் நாட்டுக்கு வெளியே. அந்த வருஷங்களில் அவர் பேசாத மேடை இல்லை. அவற்றில் பலவும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகள், அதே பேச்சின் வேறு வேறு வடிவங்கள். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் விட முடியாது.

2000 ஜனவரி, எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாரா. ஆப்பிரிக்க மொழிகளில் எழுதுகிறவர்களுக்காக, ஆப்பிரிக்க மண்ணிலேயே ஒரு மாநாடு. ‘எகென்ஸ்ட் ஆல் ஆட்ஸ்’, அதாவது எல்லாத் தடைகளையும் மீறி, என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயருக்கேற்ற நிலைமைதான். எத்தியோப்பியாவோடு எல்லைப் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் கண்டம் முழுவதிலிருந்தும் எழுத்தாளர்கள் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார்கள். எகிப்தின் நவால் எல் சாதவியும் வந்திருந்தார். முடிவில் பத்து அம்சங்களோடு ‘அஸ்மாரா பிரகடனம்’ வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கா சார்பாகப் பேசும் பொறுப்பை ஆப்பிரிக்க மொழிகளே ஏற்க வேண்டும், எல்லா மொழிகளும் சமம், ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்மொழியில் படிக்க உரிமை உண்டு, ஆப்பிரிக்க மொழிகளுக்குள்ளேயே மொழிபெயர்ப்பு நடக்க வேண்டும் என்பவை அதன் சாரம். கூகிக்கு இது கம்பாலாவின் கணக்கைத் தீர்க்கிற மாநாடு. 38 வருஷம் எடுத்துக்கொண்டது.

எரித்ரியா 1890 முதல் 1941 வரை இத்தாலியின் காலனியாக இருந்தது. அஸ்மாராவின் கட்டிடங்களில் பாதி முசோலினி காலத்து இத்தாலியர்கள் கட்டியவை. ஒன்றிரண்டு சொல்தான் இருக்கிறது என்று இத்தாலிய எழுத்தாளர் ஒருவர் மேடையில் எள்ளிய மொழிகளுக்கு உரிமைப் பிரகடனம் எழுத வேறு எந்த ஊர் இதைவிடப் பொருத்தம்? இதைக் கூகி திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்லவில்லை. எனக்குத் தோன்றுகிற பொருத்தம் இது.

பிரகடனத்தால் என்ன ஆனது என்று கேட்டால், பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் மேல்வகுப்புகள் இன்றும் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியத்தில்தான். கூகியும் எல்லாவற்றையும் கிகூயூவில் எழுதிவிடவில்லை. நாவலையும் நாடகத்தையும் கிகூயூவில் எழுதினார், பெரும்பாலும் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கட்டுரைகளையும் நினைவுக் குறிப்புகளையும் ஆங்கிலத்திலேயே எழுதினார், கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்துகொண்டு. இதைச் சொல்லி அவரை மடக்கியவர்கள் உண்டு. நான் அதைப் பெரிய முரண்பாடாக எடுத்துக்கொள்வதில்லை. தாய்மொழியில் எழுதினால் உலகத்தை இழந்துவிடுவோம் என்ற பயத்துக்கு அவர் வாழ்ந்து காட்டிய பதில் இருக்கிறது. கிகூயூவில் எழுதிய அவருடைய காவியக் கவிதை ‘தி பெர்ஃபெக்ட் நைன்’ என்று ஆங்கிலத்தில் வந்து, 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆப்பிரிக்கத் தாய்மொழி ஒன்றிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நூல். எழுதியவர், மொழிபெயர்த்தவர் இரண்டு இடத்திலும் அவர் பெயர். அந்தப் பரிசுக்கு விதி என்னவென்றால், மூல நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கக் கூடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதுகிறவர் என்று கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. போகலாமா என்றால் போங்கள். கையில் பிரதி இருந்தால் கொடுங்கள். ஆனால் படிக்கக்கூடியவரா என்று பார்த்துக் கொடுங்கள், அச்செபேக்கள் அதிகம் பேர் கிடையாது. கொடுத்தால் குறை சொல்வாரா என்பதையும் பாருங்கள். பாராட்டுகிறவர்கள் மாநாட்டில் தாராளமாகக் கிடைப்பார்கள்.

அப்புறம், நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்தியாவில் இப்போது பெரிய நகரங்களில் நடக்கிற ஆங்கில இலக்கிய விழாக்களில் தமிழுக்கு ஒன்றோ இரண்டோ அமர்வு ஒதுக்குவார்கள். நாற்பது வருஷம் எழுதிய நாவலாசிரியரை நான்கு பேரோடு ஒரு மணி நேரத்துக்குள் அடைத்து, ‘பிராந்திய மொழி எழுத்து’ என்று தலைப்பு வைப்பார்கள். பக்கத்து அரங்கில் முதல் ஆங்கில நாவல் எழுதியவருக்குத் தனி மேடை இருக்கும். அங்கே கூப்பிட்டால் மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கூகிகூட மறுக்கவில்லை, வாழ்நாள் முழுக்கப் போய்க்கொண்டேதான் இருந்தார். போய்விட்டு யாரைக் கூப்பிடவில்லை என்று கணக்கெடுத்துக்கொண்டு வந்தார், அதை எழுதவும் செய்தார். தமிழிலேயே முழுக்க முழுக்க நடக்கிற கூட்டங்களுக்கும் இதே கண்ணோடு போங்கள். அங்கேயும் வெளியே நிற்கிறவர்கள் உண்டு. அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் நாம் உள்ளே உட்கார்ந்திருப்போம்.